மார்க்கர் அண்ணாச்சியும் ஆறேகால் மீட்டர் கயிறும்

ஆனி மாசக் கடைசியில நாலு நாள் லீவு கிடைச்சுது. குற்றாலத்துல தண்ணி நல்லா விழுதுன்னு ஊர்ல இருந்து போன் வந்ததும் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன். ஐந்தருவியில குளியல், பார்டர்ல பரோட்டா எல்லாம் முறைப்படி முடிச்சிட்டு, தென்காசியில ஒரு டீக்கடை வாசல்ல சாரலுக்கு ஒதுங்கி நிக்கிறேன். பின்னால இருந்து ஒரு குரல்.

"ஏலே, நீ அந்த நொட்டாங்கைப் பயல்லா?"

திரும்பிப் பார்த்தா மார்க்கர் அண்ணாச்சி! எண்பது தாண்டியிருக்கும். ஆள் மெலிஞ்சிருக்கார், குரல் மட்டும் அப்படியே இருக்கு. என் பேரு அவருக்கு ஞாபகம் இல்ல. இடது கையால லே-அப் போடுவேங்கறது ஞாபகம் இருக்கு. அதைவிட வேற என்ன வேணும் சொல்லுங்க.

இந்தப் பதிவு அவரைப் பத்தினதுதான். ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் சரித்திரம் பேசணும். கொசுவத்தி சுத்துறேன்னு ஓடிராதீங்க :-)

மார்க்கர்னா யாருன்னு சிலர் கேக்கலாம். தமிழ்நாட்டுக் கல்லூரிகள்ல உடற்கல்வித் துறைன்னு ஒண்ணு இருக்கும். அதுல ஒரு உடற்கல்வி இயக்குநர், அதாவது நம்ம பி.டி. சார். அவருக்குக் கீழ ஒரு மார்க்கர். பேருக்கு அவர் வேலை மைதானத்துல சுண்ணாம்புக் கோடு போடுறது. நிஜத்துல பந்துக்குக் காத்து அடிக்கிறது, நெட் கட்டுறது, பனியன் துவைக்கக் கொடுத்து எண்ணி வாங்குறது, டோர்னமெண்ட்டுக்குப் போனா பஸ்ஸு, ரூமு, சாப்பாடு, பேட்டா கணக்கு எல்லாம் அவர்தான்.

அமெரிக்கக் கல்லூரிகள்ல இதே வேலைக்குப் பகட்டா ஒரு பேரு வெச்சிருக்காங்க: டைரக்டர் ஆஃப் பாஸ்கெட்பால் ஆபரேஷன்ஸ். பிளைட் டிக்கெட், ஹோட்டல், பட்ஜெட், பிராக்டிஸ் நேரம்னு எல்லாம் அவர் தலையில. அங்க இந்த நாற்காலியில யாரும் ரொம்ப நாள் உக்காரறது இல்ல. தலைமைக் கோச் வேற காலேஜுக்குத் தாவினா இவரும் மூட்டையைக் கட்டணும். கோச் சீட்டு ஒண்ணு காலியானா இவரே தாவிருவார். காரணம் இருக்கு. ஆபரேஷன்ஸ் ஆளு பசங்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கக் கூடாதுன்னு ரொம்ப வருஷம் என்.சி.ஏ.ஏ. விதி இருந்துச்சு. 2023-லதான் ஒவ்வொரு கூடைப்பந்து டீமுக்கும் கூடுதலா ரெண்டு உதவிக் கோச் வெச்சுக்கலாம்னு தளர்த்தினாங்க. கோச் ஆகணும்னு வந்தவன் கோட்டுக்கு வெளிய நின்னுட்டு எத்தனை வருஷம் ஹோட்டல் பில்லைப் பார்த்துட்டு இருப்பான்?

ஆனா அந்த நாற்காலி ஒரு ஏணிப்படி. இண்டியானாவுல பாபி நைட்கிட்ட மாணவர் மேனேஜரா பந்து பொறுக்கிப் போட்ட லாரன்ஸ் ஃபிராங்க், 2004-ல நியூ ஜெர்சி நெட்ஸ் டீமுக்குத் தலைமைக் கோச் ஆனார். மயாமி ஹீட் டீமுல 1995-ல வீடியோ அறையில வேலைக்குச் சேர்ந்த எரிக் ஸ்போல்ஸ்ட்ரா 2008-ல அதே டீமுக்குத் தலைமைக் கோச். அங்க ஆள் மாறுறாங்கன்னா, பெரும்பாலும் மேல போறாங்கன்னு அர்த்தம்.

நம்ம ஊர்ல ஆள் மாறுறதுக்கு வேற அர்த்தம். அதுக்குத்தான் வர்றேன்.

இந்த ஆட்டமே ஒரு ஆபரேஷன்ஸ் ஆளு தயவுல பொறந்ததுதான். 1891 டிசம்பர். அமெரிக்காவுல ஸ்பிரிங்ஃபீல்டுல இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. வெளிய பனி, உள்ள முரட்டுப் பசங்க பதினெட்டுப் பேர். அவங்களுக்காக ஜேம்ஸ் நைஸ்மித் ஒரு புது ஆட்டம் யோசிக்கிறார். கோல் வைக்கிறதுக்கு பதினெட்டு அங்குலத்துல ரெண்டு பெட்டி வேணும்னு அந்தக் கட்டடத்தைப் பராமரிச்ச ஸ்டெபின்ஸ்கிட்ட கேக்கறார். "பெட்டி இல்ல, பீச் பழக் கூடை ரெண்டு கிடக்கு, வேணுமா?"ங்கற மாதிரி அவர் கூடையைக் கொண்டு வந்து கொடுத்தார். அதைப் பால்கனிக் கைப்பிடியில ஆணி அடிச்சு மாட்டினாங்க. அது தற்செயலா பத்து அடி உயரம். இன்னிக்கும் உலகம் பூரா ரிங் பத்து அடியிலதான் இருக்கு. ஸ்டெபின்ஸ் கையில பெட்டி கிடைச்சிருந்தா இந்த ஆட்டத்துக்கே வேற பேரு! அடி வெட்டாத கூடைங்கறதால பந்து உள்ள விழுந்தா யாராவது மேல ஏறி எடுத்துப் போடணும். அந்த வேலைக்கும் ஒரு ஆள்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டுல படிச்ச ஹாரி குரோ பக் 1919-ல சென்னைக்கு வந்தார். 1920-ல ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியை ஆரம்பிச்சார். இன்னிக்கு நந்தனத்துல இருக்கற கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேனேஜரும் அவரே. 1943-ல சென்னையிலயே காலமானார். ஆண்களுக்கான முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி 1934-ல டெல்லியில நடந்துச்சு. 1950-ல இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம் வந்துச்சு. நந்தனத்துல படிச்சவங்க பி.டி. சாரா ஊர் ஊராப் போனாங்க. அப்புறம் காரைக்குடி, திருச்செந்தூர்லயும் உடற்கல்விக் கல்லூரிகள் வந்துச்சு.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. பி.டி. ஆகறதுக்குக் காலேஜ் இருக்கு. மார்க்கர் ஆகறதுக்கு எங்கயும் காலேஜ் கிடையாது. முன்னாடி இருந்தவர்கிட்ட இருந்து பின்னாடி வர்றவர் கையோட கத்துக்கணும். அவ்வளவுதான்.

நான் நெல்லைச் சீமையில ஒரு உதவி பெறும் கல்லூரியில 1996-ல இருந்து 99 வரைக்கும் படிச்சேன். எந்தக் காலேஜுன்னு வேண்டாம். தென்காசி அப்போ திருநெல்வேலி மாவட்டத்துலதான் இருந்துச்சு, தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பர்ல. அண்ணாச்சிக்கு மேலகரம். நானும் அவரும் ஒரே பஸ்ஸுலதான் தினம் போய் வருவோம். பஸ்ஸுல பக்கத்துல உக்கார வெச்சுப் பேசுவார். மைதானத்துல இறங்கிட்டா "ஏலே"தான்.

அவர்கிட்ட ஒரு கயிறு இருந்துச்சு. தேங்காநார்க் கயிறு இல்ல, அது மழையில சுருங்கிரும்பார். நல்ல நைலான் கயிறு. ஒரு முனையில ஆணி. நடுவட்டத்துக்கு 1.80 மீட்டர்ல ஒரு முடிச்சு, மூணு பாயிண்ட் கோட்டுக்கு 6.25-ல ஒரு முடிச்சு. ரிங்குக்கு நேர் கீழ ஆணியை ஊனி, கயித்தை இழுத்துப் பிடிச்சு ஒரு சுத்து வந்தார்னா வளைவு கச்சிதமா விழும். ஃப்ரீ த்ரோ கோடு போர்டுல இருந்து 4.60. இதெல்லாம் அவர் எந்தப் புத்தகமும் பார்க்காம சொல்லுவார்.

போட்டிக்கு முன்னாடி குற்றாலத்துல ஒரு வாரம் கேம்ப் போடுவோம். சீசன்ல அங்க ரூம் கிடைக்கறது குதிரைக் கொம்பு. அண்ணாச்சிக்கு ஒரு சத்திரத்துல பழக்கம். பன்னிரண்டு பேருக்கு ரெண்டு ஹால், விடியக்காலை சுக்குக் காப்பி, மதியம் சாப்பாடு எல்லாம் எங்க டி.ஏ.வுக்குள்ள முடிச்சிருவார். சாரல்ல கோர்ட்டு பாசி பிடிச்சு வழுக்கும். விடிய அஞ்சு மணிக்கு எழுந்து மரத்தூளைத் தூவி, சாக்கைப் போட்டு இழுத்துக் காய வெச்சப்புறம்தான் எங்களை எழுப்புவார். அந்த மூணு வருஷத்துல வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டவன் ஒருத்தன் கிடையாது. அப்போ அது எங்களுக்குப் பெரிசாவே தெரியல.

முக்கியமான வேலை இன்னொண்ணு இருக்கு. என்ட்ரி ஃபாரம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல வந்ததுல இருந்து எங்க கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி எல்லாம் அங்கதான் பதிவு பண்ணணும். பிளஸ் டூ மார்க் ஷீட் நகல், பொறந்த தேதி, போட்டோ, பிரின்ஸிபால் கையெழுத்து, ஒண்ணு விட்டாலும் ஆள் அவுட். அண்ணாச்சி ஜூன் மாசமே எல்லார் நகலையும் வாங்கி ஒரு தகரப் பெட்டியில வெச்சிருவார். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னாடியே அபிஷேகப்பட்டிக்கு நேர்ல போய்க் கொடுத்து, சீல் போட்டு வாங்கிட்டு வருவார்.

2002-ல அவர் ரிடயர் ஆனார். அதுக்குச் சில மாசம் முன்னாடி, 2001 நவம்பர்ல, தமிழக அரசு புது ஆள் எடுக்கறதுக்குத் தடை போட்டிருந்துச்சு. நிதி நெருக்கடின்னு காரணம். 2006-லதான் அந்தத் தடை நீங்குச்சு. நீங்கினதுக்கு அப்புறமும் எங்க காலேஜ்ல அந்த இடம் நிரம்பல. ஆபீஸ்ல ஃபைல் தேடி யாரு அலையறது? நிர்வாகமே தொகுப்பூதியத்துல ஆள் போட்டாங்க.

முதல்ல வந்தவர் வாட்ச்மேன் வேலையோட இதையும் சேர்த்துப் பார்த்தார். அடுத்து வந்த பையன் நல்ல பிளேயர், போலீஸ் செலக்ஷன் வந்ததும் போயிட்டான். மூணாவது ஆளு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டார். நாலாவது ஆளு மூணே மாசம். எட்டு வருஷத்துல ஏழு பேர். யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அந்தச் சம்பளத்துல பஸ் காசு போக வீட்டுக்கு என்ன மிஞ்சும்? பி.டி. சாரும் பாவம். கபடி, வாலிபால், கிரிக்கெட், அத்லெடிக்ஸ்னு அத்தனைக்கும் ஒத்தை ஆளு.

2005-ல அது நடந்துச்சு. அப்போ இருந்த ஆளு பாதியில நின்னுட்டார். என்ட்ரி ஃபாரம் மேசை டிராயர்லயே கிடந்திருக்கு. கடைசித் தேதி போயி ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அந்த வருஷம் டீமே போகல. அதுல செங்கோட்டைப் பையன் ஒருத்தன், கடைசி வருஷம். ஆறடி ரெண்டு அங்குலம். நான் ஊருக்குப் போறப்பல்லாம் அவன்கூட ஆடியிருக்கேன், என்னைவிட நாலு மடங்கு கெட்டிக்காரன். யுனிவர்சிட்டி டீம்ல எப்படியும் வருவான்னு எல்லாரும் சொல்லிட்டு இருந்தாங்க. யுனிவர்சிட்டி டீம்ல ஆடினா பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு ஒரு சர்ட்டிபிகேட் வரும். விளையாட்டுக் கோட்டாவுல வேலைக்கு அது முக்கியம். இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே எல்லாம் கூடைப்பந்து டீம் வெச்சிருக்கற இடங்கள். அந்த சர்ட்டிபிகேட் இல்லாம கதவுகிட்டயே போக முடியாது.

அவன் இன்னிக்கு நல்லாத்தான் இருக்கான். சொந்தமாக் கடை, ரெண்டு புள்ளைங்க. வேலை கிடைச்சிருக்குமான்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா முயற்சி பண்ணிப் பார்க்கவே வழி இல்லாமப் போச்சு. அதை அவன் ஒரு தடவைதான் என்கிட்ட சொன்னான். அதுக்கப்புறம் அவன் கோர்ட்டுப் பக்கம் வந்து நான் பார்க்கல.

ஆள் மாறுறதுன்னா ஆபீஸ்ல ஒரு பேரை அடிச்சு இன்னொரு பேரை எழுதறதுன்னுதான் நானும் நெனச்சிட்டு இருந்தேன். அமெரிக்காவுல ஒருத்தர் போனா அடுத்தவர் கையில ஒரு ஃபைலாவது இருக்கும், சம்பளத்துக்கு ஆளும் வருவாங்க. இங்க எல்லாம் அண்ணாச்சி மண்டையிலயும் அந்தக் கயித்துலயும் இருந்துச்சு. அவர் போனப்ப அதுவும் கூடவே போயிருச்சு.

இந்தத் தடவை தென்காசிக்கு வர்ற வழியில காலேஜுக்குள்ள எட்டிப் பார்த்தேன். கோர்ட்டுல ரிங்குக்குக் கீழ இன்னும் அந்தப் பழைய சரிவுக் கட்டம் இருக்கு. 2010-லயே அதை எடுத்துட்டு 4.90 மீட்டர் அகலத்துல நேர்ச் செவ்வகமா மாத்திட்டாங்க. மூணு பாயிண்ட் கோடும் 6.75-க்குப் போயிருச்சு. எங்க பசங்க இன்னும் அரை மீட்டர் உள்ள நின்னு பழகுறாங்க. வெளியூர் போட்டிக்குப் போனா அந்த அரை மீட்டர் இடிக்கும். ஏன் எட்டலன்னு அவனுக்கே தெரியாது.

நிற்க. டீக்கடைக்கு வருவோம்.

இதையெல்லாம் அண்ணாச்சிகிட்டச் சொன்னேன். டீயை ஆத்திக்கிட்டே கேட்டுட்டு இருந்தவர், "ஆறேகால் இப்ப ஆறேமுக்காலா? எதுக்காம்?" அப்படின்னார். ஆட்டக்காரங்க எல்லாம் தூரத்துல இருந்தே சுலபமாப் போட ஆரம்பிச்சிட்டாங்க அண்ணாச்சின்னேன். கொஞ்ச நேரம் சாரலையே பார்த்துட்டு இருந்தார்.

"அப்ப கயித்துல புதுசா ஒரு முடிச்சு போடணும்லா" அப்படின்னார்.

"கயிறு இன்னும் இருக்கா அண்ணாச்சி?"

"பரண்ல கெடக்கு. ரிடயர் ஆன அன்னிக்கு யாருகிட்டயாவது குடுக்கலாம்னு பார்த்தேன். வாங்க ஆளு இல்ல. இப்ப யாருலே இருக்கா அங்க?"

எனக்குத் தெரியல. வீட்டுக்கு வந்து காலேஜுக்குப் போன் போட்டு விசாரிச்சேன். ஒரு பையன் இருக்கானாம், சேர்ந்து மூணு மாசம். அவன் நம்பரை வாங்கிப் பேசினேன். மேலகரத்துல இப்படி ஒருத்தர் இருக்கார், ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் பாருப்பான்னேன். "சரிண்ணே, போறேன்"னான். இன்னும் போகலைன்னுதான் அண்ணாச்சி சொன்னார். அடுத்த வாரம் மறுபடி போன் பண்ணணும். அதுக்குள்ள அவனும் வேற வேலைக்குப் போயிராம இருக்கணும்.

உங்க காலேஜ்லயும் ஒரு மார்க்கர் இருந்திருப்பார் மக்கா. அவர் பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு அண்ணாச்சியோட நிஜப் பேரு அன்னிக்குத்தான் தெரியும். கேட்டதுக்கு அப்புறம்தான் சொன்னார்.