கோமூத்திரி: ஒரு சொல்லின் உழைப்பு வரலாறு

இடமும் வலமுமாக மடங்கி மடங்கிச் செல்லும் கோட்டினை இன்றைய பேச்சுத்தமிழ் 'கோணல்மாணல்' என்கிறது. படித்தோர் 'சிக்சாக்' என்னும் பிறமொழிச் சொல்லையும் ஆள்வர். இதற்கென நம் அணியிலக்கண மரபு நெடுங்காலமாகப் பேணிவந்த சொல்லொன்றுண்டு. அது கோமூத்திரி. நடந்து செல்லும் எருது பெய்யும் நீர் நிலத்திலே வரையும் நெளிகோடே அச்சொல்லின் நேர்ப்பொருள். சொற்களின் வரலாறு அவற்றைத் தோற்றுவித்த உழைப்பின் வரலாற்றினின்றும் பிரிக்கவியலாதது என்பதற்கு இச்சொல் தக்க சான்றாகும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள உன்னிச்சைக் குளத்தை அண்டிய வயற்புறத்தை எடுத்துக்கொள்வோம். வண்டியிற் பூட்டிய எருது நீர்பெய்வதற்காக நிற்பதில்லை. நடை தொடர்கிறது, உடல் அசைகிறது, புழுதியிலே கோடு மடங்கி மடங்கி விழுகிறது. நின்று நீர்பெய்யும் பசு இக்கோட்டினை வரைவதில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. எனவே, பெயரில் உள்ள 'கோ' வழிபாட்டிற்குரிய பசுவன்று. நுகத்தடியின் கீழ் நடக்கும் எருதேயாம். இடையறாத உழைப்பின் சுவடே அக்கோடு.

இச்சுவடு புலவர் கைக்கு எவ்வாறு சென்றது? வடமொழியில் தண்டியின் காவியாதர்சமும், அதனைத் தழுவிய தமிழ்த் தண்டியலங்காரமும் கோமூத்திரியைச் சித்திரகவி வகைகளுள் ஒன்றாக வகுத்தன. செய்யுளின் முற்பாதியை மேல்வரியாகவும் பிற்பாதியை அதன்கீழ் மறுவரியாகவும் எழுதி, மேலொன்றும் கீழொன்றுமாக எழுத்துக்களை மாறி மாறிப் படித்தாலும் அதே செய்யுள் கிடைக்கவேண்டும். இரு வரிகளிலும் ஒன்றிடையிட்ட எழுத்துக்கள் ஒத்திருத்தலே இதன் நுட்பம். கௌடிலியரின் அர்த்தசாத்திரமோ இப்பெயரைப் படை அணிவகுப்பொன்றிற்கு இட்டது. உழவனின் கண் கண்ட கோடு அரசின் போர்க்களத்துக்கும் அவைப்புலவரின் ஏட்டுக்கும் பெயராயிற்று. கண்டவன் மட்டும் மறக்கப்பட்டான்.

பிற பண்பாடுகளும் ஒப்புநோக்கத்தக்கன. வரிக்கு வரி திசைமாறும் பண்டைய எழுத்துமுறையைக் கிரேக்கர் 'எருது திரும்புமாறு' எனப் பொருள்படும் சொல்லாற் குறித்தனர். அங்கும் உழவே உவமை. ஐரோப்பிய மொழிகளின் 'சிக்சாக்' பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை அரண் தொடர்பாக ஜெர்மன் மொழியில் வழங்கியது.

வளைவு பற்றிய மதிப்பீடும் வர்க்கச் சார்புடையதே. செங்கோல் நன்று, கொடுங்கோல் தீது என்பது ஆட்சியின் மொழி. கோடாமையே நடுவுநிலைமை என்கிறது வள்ளுவம். குடிகளும் இச்சொற்களைக் கொண்டே நீதி கேட்டனர் என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், நிலத்தின் ஏற்றவிறக்கத்திற்கேற்ப வரம்பு கட்டும் கமக்காரனுக்கு வளைவு குற்றமன்று. அது நீரைத் தேக்கும் அறிவு. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தின் பின்னர், உரிமையை உறுதியும் அளவைப்படமுமே நிறுவவேண்டியதாயிற்று. படத்தின் கோடு அதிகாரமுடையதாயிற்று. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் பண்டைய வழமைகளுக்கு ஏற்பளித்தபோதும், நிலம் போடியாரிடமும் உழைப்பு குத்தகையாளரிடமுமாக இருந்த உறவு மாறவில்லை. பிலிப் குணவர்த்தனவின் 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டமே குத்தகை உழவனின் உரிமையைப் பரந்த அளவிற் சட்டமாக்க முயன்றது.

சித்திரகவியை நிலமானியச் சீரழிவின் சொல்விளையாட்டெனத் தள்ளுவது முற்போக்கு விமரிசகர்களிடையே வழக்கம். அம்முடிவு பெரும்பாலும் சரியானதே. ஆனால், தள்ளுவதோடு நின்றுவிட்டால், அவ்விளையாட்டினுள் புதைந்துகிடக்கும் உழைப்பின் சுவட்டையும் சேர்த்தே தள்ளியவராவோம். வடிவத்தை விமரிசிப்பதும் அதன் மூலத்தை மீட்பதும் ஒரே பணியின் இரு கூறுகளாகும்.

இன்று படுவான்கரையில் உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் எருதின் வேலையைப் பெரிதும் ஏற்றுவிட்டன. எருதின் சுமை குறைந்தமைக்கு வருந்துவார் இலர். எனினும் புழுதியில் அக்கோடு அருகும்போது, சொல்லுக்கு இலக்கண நூலே இறுதிப் புகலிடமாகின்றது. அந்நூலைக் கற்பிக்கும் நாம் கோமூத்திரிக்கு விளக்கம் எழுதும்போது, சித்திரக் கட்டத்தை வரைந்து காட்டுவதற்கு முன் எருதையும், அதன் பின்னே நடந்த மனிதனையும் மாணவருக்குக் காட்டுதல் கடனாகும்.