வெறுப்பை ஒப்புக்கொள்ளுதல்: உளப்பகுப்பாய்வு வரலாற்றில் வின்னிக்காட்டின் 1947ஆம் ஆண்டு உரை

ஆய்வுச் சுருக்கம்

நோயாளியின்பால் மருத்துவருக்கு எழும் வெறுப்பு, உளப்பகுப்பாய்வின் தொடக்கக் காலத்தில் களையத்தக்க குறையாகவே கருதப்பட்டது. டொனால்டு வின்னிக்காட் அதனைச் சிகிச்சைக்குரிய பொருளாக ஏற்றார். இம்மாற்றம் போர்க்காலக் குழந்தைப் பராமரிப்பிலும் அக்கால மனநல மருத்துவத்தின் கடுமையான முறைகள் பற்றிய கவலையிலும் வேர்கொண்டிருந்ததை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உளப்பகுப்பாய்வு, வெறுப்பு, எதிர் உணர்வுப்பெயர்ச்சி, வின்னிக்காட், ஃபிராய்டு

முன்னுரை

நோயாளி தம் பழைய உறவுகள் சார்ந்த உணர்வுகளை மருத்துவர்மீது ஏற்றுவது உணர்வுப்பெயர்ச்சி; நோயாளியின்பால் மருத்துவருக்கு எழுவது எதிர் உணர்வுப்பெயர்ச்சி. பின்னதை 1910இல் நியூரம்பெர்க் மாநாட்டில் சுட்டிய சிக்மண்ட் ஃபிராய்டு, மருத்துவர் அதனைத் தம்முள் கண்டறிந்து வெல்ல வேண்டும் என்றார். 1912இல், தம் இரக்கத்தையும் ஒதுக்கிவைத்துச் செயற்படும் அறுவை மருத்துவரை முன்மாதிரியாகக் காட்டினார். எனினும், வெறுப்பு அன்பினும் பழமையானது என்று 1915இல் எழுதியவரும் அவரே. அவ்வாறாயின் மருத்துவர் மட்டும் அதற்கு விலக்காவது எங்ஙனம்? நோயாளிகள்பால் தமக்கிருந்த மனக்கசப்பைச் சாந்தோர் ஃபெரென்சி 1932ஆம் ஆண்டு நாட்குறிப்பில் பதிந்தார். அது 1985இல்தான் அச்சேறியது.

போர்க்காலப் பின்னணி

1939 செப்டம்பரில், குண்டுவீச்சுக்கு அஞ்சி, பிரித்தானிய நகரங்களிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். பிறர் வீடுகளில் தங்கவைக்க இயலாத சிறார்களுக்கென விடுதிகள் அமைந்தன. குழந்தைநல மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான வின்னிக்காட், ஆக்ஸ்போர்டுஷயரில் இத்தகைய விடுதிகளுக்கு ஆலோசகராக இருந்தார்.

விடுதியிலிருந்து ஓடிப்போன ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் அவர் வீட்டில் மூன்று மாதங்கள் தங்கினான். ஓடும் பழக்கம் தணிந்ததும் அவனது சீற்றம் வீட்டுக்குள் வெடித்தது. அவ்வேளைகளில் வின்னிக்காட் அவனை அடிக்கவில்லை. சினமின்றித் தூக்கி வாயிலுக்கு வெளியே விட்டார். அங்கிருந்த மணியை அவன் அடித்தால் மீண்டும் உள்ளே வரலாம். நடந்ததைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும், நடந்த செயல் தம்மை அவன்மீது வெறுப்புக்கொள்ளச் செய்தது என்பதை அவனிடம் கூறினார். அவ்வாறு கூறியது அச்சிறுவனுக்கு உதவியதைக் காட்டிலும், பொறுமையிழந்து அவனுக்குத் தீங்கிழைக்காமல் இருக்கத் தமக்கே உதவியது என்றும் எழுதினார்.

1947ஆம் ஆண்டு உரையின் வாதம்

1947 பிப்ரவரி 5 அன்று பிரித்தானிய உளப்பகுப்பாய்வுக் கழகத்தில் நிகழ்த்திய உரையில் இந்நிகழ்வை வின்னிக்காட் எடுத்துரைத்தார். அவ்வுரை 1949இல் அச்சானது. கடும் மனநோய்க்கு ஆளானோரைப் பராமரிப்பது பெருஞ்சுமை என்பதே அதன் தொடக்கம். மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் மூளை நரம்பிழைகளை வெட்டும் லூக்கோட்டமியும் பரவியிருந்த காலம் அது. அச்சுமையைச் சுமப்போர் கொடிய செயல்களில் இறங்குவதை அவர் இதனோடு தொடர்புபடுத்தினார். உணரப்படாத வெறுப்பு சிகிச்சை என்னும் பெயரிலேயே வெளிப்படக்கூடும் என்பது இதிலிருந்து பெறப்படும் கருத்து.

மருத்துவரின் தீராத உள்மோதல்களால் விளையும் உணர்வுக்கு அவர் தம்மையே மேலும் பகுப்பாய்வுக்கு உட்படுத்துதல் வேண்டும். நோயாளியின் உண்மையான நடத்தையால் எழும் வெறுப்போ வேறுவகைப்பட்டது. அதனைப் புறநிலை வெறுப்பு எனலாம். தக்க காரணத்தால் எழும் வெறுப்பைத் தேடுபவருக்கு அது கிட்டாவிடில், அன்பு கிட்டும் என்னும் நம்பிக்கையும் அவருக்குப் பிறவாது என்பது வின்னிக்காட்டின் துணிபு. தாய்க்கும் குழந்தையின்மீது வெறுப்பு எழும்; அதைச் செயலில் காட்டாது தாங்குவதே தாயின் வலிமை என்று அவர் ஒப்பிட்டார். மருத்துவரும் அதனை உடனே கொட்டிவிடாமல், உரிய காலம் வரும்வரை தேக்கிவைத்தல் வேண்டும்.

மதிப்பீடு

1949இல் சூரிக் மாநாட்டில் பவுலா ஹைமன், மருத்துவரின் உணர்வு நோயாளியின் ஆழ்மனத்தை ஆராயும் கருவி என வாதிட்டார். அதனை நோயாளியிடம் வெளியிடுதல் ஆகாது என்றும் எச்சரித்தார். வின்னிக்காட்டின் துணிவும் அதன் இடரும் இங்கே தெளிவாகின்றன. எவ்வெறுப்பு புறநிலையானது என்பதை முடிவுசெய்பவர் வெறுப்புக்கொண்டவரே. வாயிலுக்கு வெளியே நின்ற சிறுவனின் அனுபவம், அவனை வெளியே விட்டவரின் எழுத்து வழியாகவே அவ்வுரையில் இடம்பெறுகிறது. அவர் மொழியும் சொல்லுக்கும் அவன் எதிர்மொழிக்கும் இடையே அதிகாரச் சமன்மை இல்லை.

முடிவுரை

வெறுப்பை ஒப்புக்கொள்ளுதல் வேறு, அதற்கு உரிமம் வழங்குதல் வேறு. 1947ஆம் ஆண்டு உரை முன்னதையே வேண்டியது. மருத்துவர் தம் தீர்ப்பைத் தாமே ஐயுற்று ஆராயும்போதுதான் இவ்வேறுபாடு நிலைக்கும். அவ்வுரையின் வழிவந்த சிகிச்சைமுறைகளை மதிப்பிடுவோர், வெறுப்பு ஒப்புக்கொள்ளப்பட்டதா என்பதுடன், அதைக் கேட்ட நோயாளிக்கு மறுத்துரைக்க இடமிருந்ததா என்பதையும் ஆராய்தல் வேண்டும்.