உகாஸ் சந்தையில் ஒரு தீர்ப்பு

மீலாது விழாவையொட்டிக் கட்டுரைப் போட்டியும் கவிதைப் போட்டியும் நடத்துவது நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். எழுத விழையும் இளைஞர் பலர் தம் முதற் படைப்பை அனுப்புவது இத்தகைய போட்டிகளுக்கே. முடிவு வெளியானதும் பரிசு பெற்றவர் மகிழ்வதும், பெறாதவர் நடுவரை நொந்துகொள்வதும், அவருள் சிலர் அத்தோடு பேனாவை மூடி வைத்துவிடுவதும் நாம் காண்பனவே. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் முன்னர் அரபு மண்ணில் நடந்ததாகக் கூறப்படும் ஒரு போட்டியையும், அதில் முதலிடம் கிட்டாத கவிஞர் ஒருவரின் பிற்கால வாழ்வையும் அன்னார் அறிவது நலமெனக் கருதி இதனை வரைகிறோம்.

தாயிஃப் நகருக்கு வடக்கே விரிந்த வெளியில் ஆண்டுதோறும் கூடியது உகாஸ் சந்தை. துல்கஅதா முதல் பிறையில் தொடங்கி இருபது நாள் நடக்கும். பின்னர் மக்கள் மஜன்னாவுக்கும், அங்கிருந்து துல்மஜாஸுக்கும் சென்று, ஹஜ்ஜுக்குரிய நாள் வந்ததும் மக்கா புறப்படுவர். போர் விலக்கப்பட்ட மாதமாதலால் பகைவர்களும் அங்கே அஞ்சாது நடமாடலாம். தோலும் துணியும் விலைபோன அதே சந்தையில் சொல்லும் விலைபோயிற்று. குஸ்ஸு இப்னு ஸாயிதாவின் புகழ்பெற்ற சொற்பொழிவு நிகழ்ந்ததும், அதனைப் பெருமானார் (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன் செவிமடுத்ததாகக் கூறப்படுவதும் இவ்வுகாஸில்தான்.

தாளும் மையும் கொண்டு நடந்த போட்டியன்று அது. கவிஞர் எழுந்து நின்று ஓதுவார். கேட்டவர் மனத்தில் பதிந்தால் கவிதை ஒட்டகத்தின் மேலேறி ஊர் ஊராகச் செல்லும். பதியாவிட்டால் அங்கேயே மணலில் புதையும். ஆகவே ஆயத்தமின்றி எவரும் எழுந்துவிடவில்லை. புதிதாகப் பாட வருபவர் முதலில் ஒரு பெருங்கவிஞரிடம் ‘ராவீ’யாக, அதாவது அவர் கவிதைகளை மனனம் செய்து ஓதுபவராக இருந்து பழகுவது மரபு. ஸுஹைர் அவ்ஸு இப்னு ஹஜருக்கு ராவீயாக இருந்தவர். ஹுதையா ஸுஹைருக்கு ராவீயாக இருந்தவர். அந்த ஸுஹைரோ ஒரு கவிதையை இயற்றித் திருத்திப் பிறர்க்குக் காட்டி வெளியிட ஓராண்டு எடுத்துக்கொள்வாராம். அவர் கவிதைகளுக்கு ‘ஆண்டுக் கவிதைகள்’ என்றே பெயர். போட்டிக்குக் கடைசி நாள் இரவில் எழுதத் தொடங்கும் நம் அன்பர்கள் இதைப் படித்துச் சிரித்துக்கொள்ளட்டும்.

உகாஸில் நடுவராக அமர்ந்தவர் நாபிகா அத்துப்யானீ. ஹீராவின் அரசவையிலும் கஸ்ஸானியரின் அவையிலும் வீற்றிருந்தவர். அவருக்கெனச் செந்தோல் கூடாரம் ஒன்று அடிக்கப்படும்; கவிஞர்கள் வரிசையாக வந்து அவர்முன் ஓதுவர். ஓராண்டு முதலில் ஓதியவர் அஃஷா. அடுத்து ஓதியவர் மதீனாவின் ஹஸ்ஸான் இப்னு தாபித். அதன்பின் ஒரு பெண்மணி, கன்ஸா, தம் சகோதரர் ஸக்ருக்காகப் பாடிய இரங்கற்பாவை ஓதினார். அஃஷா மட்டும் முன்னர் ஓதாதிருந்தால் கன்ஸாவையே தலைசிறந்த கவிஞரென அறிவித்திருப்பேன் என்றார் நாபிகா. ஆண்களே நிறைந்த அச்சந்தையில், அறியாமைக் காலமென்று நாம் பெயரிட்ட அக்காலத்தில், ஒரு பெண்ணின் கவிதையை அதன் தகுதி கொண்டே எடைபோட்டார் அந்த நடுவர் என்பதை இங்கே குறித்துவிட்டு மேலே செல்வோம்.

ஹஸ்ஸானுக்குச் சினம் பொங்கியது. உம்மினும் உம் தந்தையினும் நானே சிறந்த கவிஞன் என்று நடுவரிடமே கூறிவிட்டார்! நாபிகா சினக்கவில்லை. ‘சகோதரர் மகனே’ என்று விளித்து, ஹஸ்ஸான் தம் குலத்தின் கொடையையும் வீரத்தையும் குறித்துப் பாடியதில் குறைகளை எடுத்துக்காட்டினாராம். விருந்துக் கலங்களுக்கும் வாள்களுக்கும் சிறு தொகையைக் குறிக்கும் பன்மையைக் கையாண்டு அவற்றைச் சுருக்கிவிட்டீர் என்பது ஒன்று. கலங்கள் முற்பகலில் மின்னுவதாகச் சொன்னீர், விருந்தினர் மிகுதியாக வருவது இரவிலன்றோ என்பது மற்றொன்று. வாளினின்றும் குருதி சொட்டுவதாகச் சொன்னீர், பாய்வதாகச் சொல்லியிருக்கலாமே என்றும், உம்மைப் பெற்றோரைப் பாடாமல் நீர் பெற்றோரைப் பாடிப் பெருமை கொண்டீர் என்றும் மேலும் இரண்டு கூறினார்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நாம் இதை எழுதவே தேவையில்லை. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் குதாமா இப்னு ஜஅஃபர் என்னும் திறனாய்வாளர் இவ்வழக்கை மீண்டும் எடுத்து, ஹஸ்ஸானின் பக்கமே நியாயம் என்றார். இருளில் சிறு விளக்கும் மின்னும். பகல் ஒளியில் மின்னுவதே அரிது என்பது அவர் வாதம். வாளிலிருந்து குருதி சொட்டுகிறது என்பதே மக்கள் வழக்கு என்றும் காட்டினார். பன்மை பற்றிய குறையும் உறுதியானதன்று. சுவனத்து மாடங்களைக் கூறும் திருக்குர்ஆன் வசனத்தில் (34:37) அதே வகைப் பன்மைதான் வருகிறது. அங்கே சிறு தொகையென எவர் பொருள் கொள்வார்? நான்காம் குறை நம் கருத்தில் கவிதைக் குறையே அன்று. முன்னோரைப் பாடுவதே பெருமை என்ற குல வழக்கத்தின் குரல் அது. நாபிகாவின் வாயில் இலக்கண நுட்பங்களை ஏற்றிச் சொன்னது பிற்காலத்தவர் கைவேலையாக இருக்கலாம் என ஐயுறும் அறிஞரும் உளர். அந்த ஐயம் பொருத்தமானதே. அக்காலத்தில் அரபு இலக்கணம் நூலாக வகுக்கப்படவில்லை.

அக்கவிதைகள் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்டுக் கஃபாவில் தொங்கவிடப்பட்டன என்ற செய்தியையும் இவ்வாறே எச்சரிக்கையுடன் ஏற்க வேண்டும். மிஸ்ரு நாட்டு இலக்கண அறிஞர் நஹ்ஹாஸ் பத்தாம் நூற்றாண்டிலேயே அதனை மறுத்து, அந்நெடும் பாக்களைத் தொகுத்தவர் ஹம்மாத் என்றார்.

ஹஸ்ஸான் பாடுவதை விட்டாரில்லை. இஸ்லாத்தைத் தழுவினார், பெருமானார் (ஸல்) அவர்களின் கவிஞரானார். அவருக்கென மஸ்ஜிதுந் நபவியில் மிம்பர் இடப்பட்டதை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டில் (கி.பி. 630) பனூ தமீம் கூட்டத்தார் மதீனா வந்து, சொல்லாலே மோதிப் பார்ப்போம் என்றனர். அவர்கள் தரப்பில் உதாரித் சொற்பொழிவாற்றினார். தாபித் இப்னு கைஸ் (ரலி) மறுமொழி தந்தார். அவர்கள் கவிஞர் ஸிப்ரிகான் பாடினார். அண்ணலார் ஹஸ்ஸானுக்கு ஆள் அனுப்பினார்கள். வந்தார், எதிர்ப்பாட்டை அங்கேயே பாடினார். தனி நடுவர் எவரும் அங்கில்லை. எதிர் தரப்பைச் சேர்ந்த அக்ரஉ இப்னு ஹாபிஸே எழுந்து, இவர்களின் பேச்சாளர் நம் பேச்சாளரினும் மேலானவர், இவர்களின் கவிஞர் நம் கவிஞரினும் மேலானவர் என்று ஒப்புக்கொண்டார். அக்கூட்டத்தார் இஸ்லாத்தை ஏற்றனர். கன்ஸாவும் பின்னர் நபிகளாரிடம் வந்து இஸ்லாத்தை ஏற்றார். அவர் பாடக் கேட்டு, மேலும் பாடுமாறு அண்ணலார் கூறினார்கள் என்பர்.

நம் தமிழ் மண்ணிலும் இதற்கு ஒரு நேர் உண்டு. எட்டையபுரம் அரசவைக்கு வாலைவாருதி என்ற வடநாட்டுப் புலவர் அறைகூவலோடு வந்தபோது, அவைப்புலவர் கடிகைமுத்துப் புலவருக்காக அவருடைய மாணாக்கர் உமறு, அப்போது இளைஞர், எதிர்நின்று வென்றார் எனச் செவிவழி வரலாறு கூறுகிறது. சீறாப்புராணத்தின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் அவ்விளைஞரின் பிற்கால உழைப்பு. அவையில் வென்ற பாட்டையன்று, அக்காப்பியத்தையே நாம் இன்றும் ஓதிவருகிறோம்.

உகாஸ் சந்தை ஹிஜ்ரி 129-இல் காரிஜிய்யாக்கள் மக்காவில் கிளர்ந்தபோது கைவிடப்பட்டது. பின்னர் மணல் மூடிக் கிடந்த அவ்விடத்தில் 2007-ஆம் ஆண்டு சவூதி அரேபியா அச்சந்தையை விழாவாக மீட்டெடுத்தது. ‘உகாஸ் கவிஞர்’ என்ற பெயரில் அங்கே பரிசும் ஏற்படுத்தப்பட்டது.