அப்பா, அம்மாவுக்கு பிபி இருந்தால் உங்களுக்கும் வருமா? மைசூரு மருத்துவமனைப் பதிவேடுகள் சொல்வது என்ன?

"எங்க வீட்ல எல்லாருக்கும் பிபி. எனக்கும் எப்படியும் வந்துடும்." முப்பது வயதை நெருங்கும் பலர் இதைச் சாதாரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் ஒருமுறைகூட அளந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 வயதைக் கடந்த ஆண்களில் 24 சதவீதம், பெண்களில் 21 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறது, அல்லது அதற்காக மாத்திரை எடுக்கிறார்கள். இதில் குடும்பத்தின் பங்கு எவ்வளவு, எடையின் பங்கு எவ்வளவு?

மைசூருவில் கிடைத்த பதில்

மைசூருவாசிகள் 'மிஷன் ஆஸ்பத்திரி' என்று அழைக்கும் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில், 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு பதிவேட்டில் குறிக்கப்பட்டிருந்தன. 1990களில் ஆய்வாளர்கள் அந்தக் குழந்தைகளை நடுத்தர வயதில் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

எடை குறைவாகப் பிறந்தவர்களிடம் இதய நோய் அதிகமாக இருந்தது. மேற்கத்திய ஆய்வுகளைப் போலவே ரத்த அழுத்தமும் அதிகமாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் 2000-ல் வெளியான மைசூரு முடிவுகளில், பிறந்தபோது சிறிதாக இருந்ததற்கும் பிற்கால ரத்த அழுத்தத்திற்கும் தொடர்பு தென்படவில்லை. அதாவது, பிறந்த அன்றே எல்லாம் முடிவாகிவிடுவதில்லை.

அதே மருத்துவமனையில் 1997-98ல் 830 கர்ப்பிணிகளுடன் இன்னொரு ஆய்வு தொடங்கியது. கர்ப்பகால சர்க்கரை நோய் இருந்த தாய்மார்களின் பெண் குழந்தைகளுக்கு 5 வயதிலேயே உடல் கொழுப்பும் இன்சுலினும் கூடுதலாக இருந்தன. சர்க்கரை நோயுள்ள தந்தையரின் பிள்ளைகளிடம் அது காணப்படவில்லை. மரபணு மட்டும்தான் காரணம் என்றால், இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். 'பரம்பரை' என்று நாம் சொல்வதில் கருப்பைச் சூழலும் அடக்கம். வீட்டு ஊறுகாய், அப்பளமும் அடக்கம் என்று சேர்த்துக்கொள்ளலாம்!

எடை என்ன செய்கிறது?

ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் ஆயிரத்துக்கு மேல் கண்டறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை ஒவ்வொன்றும் செய்யும் வேலை மிகச் சிறியது. எடை அப்படியில்லை. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சிறுநீரகத்தை அழுத்துகிறது, உடல் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்து வைக்கிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் நரம்பு மண்டலத்தைத் தூண்ட, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைபடும் பிரச்னை இருந்தால் இன்னும் மோசம்.

"நான் குண்டெல்லாம் இல்லையே, தொப்பை மட்டும்தான்" என்று தப்பிக்க முடியாது. பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே இந்தியர்களுக்கு அதிக எடை, 25 என்றால் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

எடையில் 1 கிலோ குறைந்தால், மேல் அளவு சராசரியாக 1 மி.மீ. அளவுக்கு இறங்குகிறது. பிரிட்டனில் 2.7 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், மரபணு அபாயம் அதிகமோ குறைவோ, ஆரோக்கியமான வாழ்க்கை முறை உள்ளவர்களுக்கு ரத்த அழுத்தம் 4 முதல் 5 மி.மீ. குறைவாக இருந்தது.

வீட்டில் என்ன கேட்க வேண்டும்?

"பிபி இருக்கா?" என்பதோடு நிறுத்தாமல், "எந்த வயசுல வந்தது?" என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் ஆண் மருத்துவ மாணவர்களை 50 ஆண்டுகளுக்கு மேல் கவனித்த ஆய்வில், பெற்றோர் இருவருக்கும் 55 வயதுக்குள் வந்திருந்தவர்களுக்கு அபாயம் சுமார் 6 மடங்காக இருந்தது. அப்படிப்பட்ட வீடு என்றால் 40 வயது வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே அளக்கலாம். இதற்குப் பெரும்பாலும் அறிகுறியே கிடையாது.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு காபி, சிகரெட் வேண்டாம். 5 நிமிடம் சாய்ந்து அமர்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால், வேறொரு நாளில் மீண்டும் அளந்துவிட்டு அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பாருங்கள்.