காய்க்கிறதுக்கு முன்னாடியே வித்த தோப்பு

ஐஸ் ஹாக்கி பத்தி தமிழ்ல எழுதினா யாரு படிப்பாங்கன்னு எனக்கே சந்தேகம்தான். ஆனா இது விளையாட்டுக் கதை இல்லீங்க, வியாபாரக் கதை. பனியில சறுக்கத் தெரியாதவங்களுக்கும் (என்னையும் சேர்த்து) புரியும். பொறுமையா வாங்க.

முதல்ல டிராஃப்ட்னா என்னன்னு சொல்லிடறேன். வட அமெரிக்காவோட தேசிய ஹாக்கி லீக்ல, அதாவது என்ஹெச்எல்ல, ஒரு இளம் ஆட்டக்காரன் எந்த டீம்ல ஆடணும்னு அவன் முடிவு பண்ண முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா டீமும் கூடி உக்காந்து, வரிசையா ஆளுக்கு ஒரு பையனைத் தேர்ந்தெடுப்பாங்க. அந்தக் காலத்துல போன சீசன்ல கடைசியா வந்தவனுக்குத்தான் முதல் வாய்ப்பு. பந்தியில போன தடவை பாயசம் கிடைக்காதவனுக்கு இந்தத் தடவை முதல் இலை போடற மாதிரி. இந்த வரிசையில உங்களுக்கு இருக்கற இடத்துக்குப் பேருதான் 'பிக்'. அதை வேற டீமுக்கு வித்துடலாம். அடுத்த வருஷத்துப் பிக்கையும், அதுக்கடுத்த வருஷத்துப் பிக்கையும்கூட இப்பவே விக்கலாம். மாந்தோப்பு பூ விடும்போதே குத்தகைக்கு விடறோம் இல்லையா, அதேதான். எத்தனை காய் தங்கும்னு கொடுக்கறவனுக்கும் தெரியாது, எடுக்கறவனுக்கும் தெரியாது.

டிராஃப்ட் ஆரம்பிச்சது 1963-இல், மான்ட்ரியல்ல. அதுக்கு முன்னாடி பெரிய டீம்கள் ஜூனியர் கிளப்புகளைத் தத்தெடுத்து, அங்க ஆடற பசங்களைச் சின்ன வயசுலயே கையெழுத்து வாங்கிப் பூட்டி வெச்சுக்குவாங்க. அந்த ஏற்பாடு முழுசா ஒழிஞ்சு, டிராஃப்டுக்கு உண்மையான மதிப்பு வந்தது 1969-இல்தான். நடுவுல 1967-இல் லீக் ஆறு டீம்ல இருந்து ஒரே தாவலில் பன்னிரண்டு ஆச்சு. புது டீம் ஒவ்வொண்ணும் 20 லட்சம் டாலர் கட்டி உள்ளே வந்துது. பணத்தைக் கட்டினதுக்குக் கிடைச்சது என்ன? பழைய ஆறு டீமும் வேண்டாம்னு ஒதுக்கின ஆளுங்க. ஊருக்கு ஹாக்கியே புதுசு. ஜெயிச்சாத்தான் டிக்கெட் விக்கும், ஜெயிக்க ஆள் இல்லை.

இந்தத் தவிப்பை மத்தவங்களுக்கு முன்னாடியே சரியா படிச்சவர் சாம் பொல்லாக். மான்ட்ரியல் கனேடியன்ஸோட ஜெனரல் மேனேஜர். 1964-இல் பதவிக்கு வந்தார், 1978-இல் போனார், நடுவுல ஒன்பது ஸ்டான்லி கோப்பை. மனுஷனோட கணக்கு ரொம்ப எளிமையானது. என்கிட்ட ஆள் ஜாஸ்தி, உன்கிட்ட இன்னிக்கு ஆள் இல்லை. இந்தா, இன்னிக்கு ஆட ஆள். எனக்கு நாளைக்கு வரப்போற பையனைக் கொடு. புது டீம்காரனுக்கு இது இலவசமா கிடைச்ச மாதிரி இருக்கும், ஏன்னா அவன் கொடுக்கறது இன்னும் கண்ணுலயே படாத ஒரு பொருள். சாஃப்ட்வேர்ல வேலை செய்யற மக்களுக்கு இது நல்லாவே புரியும். "இப்போதைக்கு ரிலீஸ் பண்ணிடு, அப்புறம் பாத்துக்கலாம்" வகையறா :-)

இப்ப முக்கியமான கதை. 1970 மே மாசம். கலிஃபோர்னியாவில் ஓக்லாந்து சீல்ஸ்னு ஒரு டீம், அந்த அறுபத்தேழு பேட்ச். பொல்லாக் அவங்களுக்கு எர்னி ஹிக்கிங்கற இளம் ஆட்டக்காரரையும், 1970 டிராஃப்டின் முதல் சுற்றில் ஒரு பிக்கையும் கொடுத்தார். பதிலுக்கு வாங்கினது ஃபிரான்சுவா லகோம்ப்ங்கற தடுப்பாட்டக்காரரையும், சீல்ஸோட 1971 முதல் சுற்றுப் பிக்கையும்.

ஏன் 1971? கியூபெக் நகரத்து ஜூனியர் டீம்ல கீ லாஃப்ளூர்னு ஒரு பையன் கோல் மழை பொழிஞ்சிட்டிருந்தான். அவன் டிராஃப்டுக்கு வர வேண்டியது 1971-இல்தான். பிரெஞ்சு பேசற பையன், பிரெஞ்சு ஊர். மான்ட்ரியலோட தங்க மகன் ஜான் பெலிவோ ஓய்வு பெறப் போற நேரம் வேற. அதுக்கு முன்னாடி முதல் ரெண்டு பிரெஞ்சுக் கனடியப் பசங்களை எடுத்துக்கற தனிச் சலுகை மான்ட்ரியலுக்கு இருந்துது, ஆனா 1969-ஓட அது முடிஞ்சு போச்சு. இனிமே லாஃப்ளூர் வேணும்னா வரிசையில முதல் ஆளா நிக்கணும். ஸ்டான்லி கோப்பை ஜெயிக்கற டீம் வரிசையில முதல்ல எப்படி நிக்கும்? தோக்கப் போறவனோட இடத்தை முன்கூட்டியே வாங்கினாத்தான் உண்டு.

சீல்ஸ் மேனேஜரை எல்லாரும் முட்டாள்னு எழுதறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். அவர் ஃபிராங்க் செல்கி ஜூனியர். யார் தெரியுமா? பொல்லாக்குக்கு முன்னாடி மான்ட்ரியல்ல 1946-இல் இருந்து 1964 வரைக்கும் அந்த நாற்காலியில உக்காந்திருந்த பழைய ஃபிராங்க் செல்கியோட பையன். ஹாக்கி தெரியாதவர்னு சொல்லவே முடியாது. 1969, 1970 ரெண்டு வருஷமும் சீல்ஸ் பிளேஆஃப் போன டீம். போதாததுக்கு 1970-இல் பஃபலோ, வான்கூவர்னு ரெண்டு புத்தம் புது டீம் உள்ளே வருது. அவங்களைவிடவா நாம கீழே போவோம்னு நினைச்சா அதுல தப்பே இல்லை. ஹிக்கியும் முதல் சீசன்லயே 22 கோல் போட்டார். அவரோட அண்ணன் பில் ஹிக்கியும் அதே டீம்தான், வீட்டுக்கும் சந்தோஷம்.

ஆனா அந்த 1970-லயே டீம் கைமாறிடுச்சு. வாங்கினவர் சார்லி ஃபின்லி, பேஸ்பால்ல ஓக்லாந்து ஏஸ் டீமோட முதலாளி. டீம் பேரை கலிஃபோர்னியா கோல்டன் சீல்ஸ்னு மாத்தினார். பின்னாடி ஆட்டக்காரங்களுக்கு வெள்ளை ஸ்கேட் எல்லாம் மாட்டி விட்டார். சீசன் பாதி தாண்டறதுக்குள்ள செல்கியும் வெளியே போயிட்டார். டீம் சரிஞ்சுது பாருங்க, அப்படி ஒரு சரிவு. 1968-69-இல் 69 பாயிண்ட், அடுத்த வருஷம் 58, 1970-71-இல் 45. பதினாலு டீம்ல கடைசி. வான்கூவருக்கும் பஃபலோவுக்கும் கீழே!

இங்கதான் ஹாக்கி ரசிகர்கள் காலங்காலமா சொல்ற கதை ஒண்ணு வருது. சீசன் நடுவுல சீல்ஸைவிட லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் மோசமா ஆடி, கடைசி இடத்தைத் தட்டிட்டுப் போயிடுமோன்னு பொல்லாக்குக்கு பயம் வந்துதாம். உடனே தன் டீமோட அனுபவசாலி ரால்ஃப் பாக்ஸ்ட்ராமை 1971 ஜனவரியில கிங்ஸுக்கு அனுப்பி வெச்சு, அவங்களைத் தூக்கி நிறுத்தினாராம். சாணக்கியத்தனம்னு கொண்டாடுவாங்க.

பாக்ஸ்ட்ராமை அனுப்பினது உண்மை. ஆனா அவரே அந்த சீசன் ஆரம்பத்துல இருந்து வேற டீமுக்கு மாத்திவிடுங்கன்னு கேட்டுட்டிருந்தவர். அதைவிட, கடைசிப் பட்டியலைப் பாருங்க. கிங்ஸ் 63 பாயிண்ட், சீல்ஸ் 45. வித்தியாசம் 18. கடைசிக்கு முந்தின இடம் கிங்ஸே கிடையாது, 55 பாயிண்ட் எடுத்த டெட்ராய்ட். ஒரு ஆள் பாதி சீசன் ஆடி 18 பாயிண்ட் வித்தியாசத்தை உண்டாக்கினார்னா எனக்கு நம்பிக்கை வரலை. பொல்லாக் மனசுல அந்த எண்ணமும் ஒரு ஓரமா இருந்திருக்கலாம். ஆனா கதையில சொல்ற அளவுக்கு அது தேவைப்படலை. சீல்ஸ் சொந்த முயற்சியிலேயே கடைசிக்குப் போனாங்க.

1971 ஜூன்ல மான்ட்ரியல்ல குயீன் எலிசபெத் ஹோட்டல்ல டிராஃப்ட். லாஃப்ளூர் அந்த வருஷம் ஜூனியர்ல 62 ஆட்டத்துல 130 கோல் போட்டிருந்தான் (எழுத்துப்பிழை இல்லை, நூத்தி முப்பதுதான்). மான்ட்ரியல் எடுத்துக்கிச்சு. ரெண்டாவதா டெட்ராய்ட் மார்செல் டியோனை எடுத்துது, அவரும் பின்னாளில் மகா ஆட்டக்காரர் ஆனவர்.

வந்த உடனே வெடிச்சிடலை. முதல் மூணு வருஷம் 29, 28, 21 கோல். தப்பான பையனை எடுத்துட்டோமோன்னு ஊர் முணுமுணுத்துது. நாலாவது சீசன்ல 53. அதுல இருந்து தொடர்ச்சியா ஆறு சீசன் ஐம்பதுக்குக் குறையலை. மொத்தம் அஞ்சு ஸ்டான்லி கோப்பை.

பொல்லாக் இதோட நிக்கலை. 1972 டிராஃப்டின் முதல் சுற்றில் மான்ட்ரியல் நாலு பேரை எடுத்துது. அதுல நாலாவது இடத்துல எடுத்த ஸ்டீவ் ஷட், யாரோட பிக்ல வந்தவர்னு நினைக்கறீங்க? "காப்பாத்தின" அதே லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸோடது. 1976-77-இல் 60 கோல் போட்டார், லாஃப்ளூருக்குப் பக்கத்துலயே நின்னு. ஆறாவது இடத்துல வந்த கோலி மிஷல் லராக், மறுபடியும் சீல்ஸோட பிக். 1973-இல் ரெண்டாவது இடத்துப் பிக், அதுவும் சீல்ஸோடதுதான். அதை விட்டுக் கொடுத்து அஞ்சாவதுக்கு இறங்கி, அங்கிருந்து எட்டாவதுக்கு இறங்கி, ஒவ்வொரு படிக்கும் ஏதாவது வாங்கிக்கிட்டு, கடைசில பாப் கெய்னியை எடுத்தார் பொல்லாக். தடுத்து ஆடறதுல சிறந்த முன்வரிசை ஆட்டக்காரருக்குன்னு பின்னாடி ஒரு கோப்பை வெச்சாங்க. முதல் நாலு வருஷமும் அதை வாங்கினது கெய்னி. கோப்பையோட பேர் ஃபிராங்க் செல்கி கோப்பை. அப்பாவோட பேர்ல கோப்பை, பையனோட டீம் கொடுத்த பிக் வழியா வந்த ஆள் அதை வாங்கறார்!

இதெல்லாம் நடந்து முடிஞ்சும் யாராவது திருந்தினாங்களான்னா, இல்லை. 1978-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒரு கோலிக்காக அடுத்த வருஷ முதல் சுற்றுப் பிக்கை பாஸ்டனுக்குக் கொடுத்துது, அதுல வந்தவர் ரே போர்க். 1989-இல் டொரண்டோ, டாம் கர்வர்ஸ்ங்கற தடுப்பாட்டக்காரருக்காக 1991 முதல் சுற்றுப் பிக்கை நியூ ஜெர்சிக்குக் கொடுத்துது. 1991-இல் எரிக் லிண்ட்ராஸ் வரப் போறான்னு ஊரே பேசிட்டிருந்தப்போ டொரண்டோ கடைசிக்குப் பக்கத்துல கிடந்துது. கடைசி இடம் கியூபெக்குக்குப் போனதால லிண்ட்ராஸ் கைநழுவலை, "வெறும்" மூணாவது பிக்கா ஸ்காட் நீடர்மேயர்தான் போனார். நியூ ஜெர்சியில மட்டும் அவருக்கு மூணு கோப்பை.

சீல்ஸ் 1976-இல் ஓக்லாந்தை விட்டு கிளீவ்லாண்டுக்குப் போய் பேரன்ஸ்னு பேர் மாத்திக்கிட்டாங்க. அங்கயும் கூட்டம் சேரலை. 1978-இல் மினசோட்டா டீமோட சேர்த்து, அப்படி ஒரு டீமே இல்லைன்னு ஆக்கிட்டாங்க. அதே 1978-இல்தான் லாஃப்ளூர் தொடர்ந்து மூணாவது வருஷமா லீக்லயே அதிக பாயிண்ட் எடுத்தார். மான்ட்ரியல் மறுபடியும் கோப்பையைத் தூக்குச்சு, பொல்லாக் ஓய்வு வாங்கிட்டு வீட்டுக்குப் போனார்.