கச்சிப் பெருமக்கள் தேர்ந்த காவலன்

கி.பி. 731-ஐ ஒட்டி இரண்டாம் பரமேச்சுரவர்மன் மறைந்தான். காஞ்சி அரியணை வெறிதாயிற்று. பல தலைமுறைப் பகைவராகிய சாளுக்கியர் மேற்கே வலிமை பெற்றிருந்த காலம் அது. தலைவனின்றி நாடும் நகரும் அறநிலையங்களும் என்னாகும் என்று ஊர்ப் பெருமக்கள் கவன்றனர்.

அவர்கள் செய்தது யாது என்பதனை வைகுந்தப் பெருமாள் கோயில் எனப்பெறும் பரமேச்சுர விண்ணகரத்துத் திருச்சுற்றுச் சுவரில் சிற்பமாகவும் கல்லெழுத்தாகவும் இன்றும் காணலாம். மாத்திரர், மூலப்பிரகிருதிகள், கடிகையார் என்போர் ஒருங்குகூடி, சிங்கவிட்டுணுவின் தம்பி பீமவர்மன் கால்வழியினனாகிய இரணியவர்மனை அடைந்து, நாட்டிற்கோர் அரசனை வேண்டி நின்றனர். அவன் தன் மைந்தரை வினவினான். சீமல்லன், இரணமல்லன், சங்கிராமமல்லன் ஆகிய மூவரும் மறுத்தனர். இளையவனாகிய பல்லவமல்லனே செல்ல இசைந்தான். அவனுக்கு அகவை 12. தந்தையுள்ளம் கலங்கிற்று, தரணிகொண்டபோசர் என்பார் தேற்றி விடைகொடுப்பித்தார். மலையும் ஆறும் காடும் கடந்துவந்த அப்பிள்ளையைக் காஞ்சி யானைமீதேற்றி எதிர்கொண்டு, நந்திவர்மன் எனப் பெயரிட்டு முடிசூட்டிற்று. முடிக்காக உடன்பிறந்தார் பொருத வரலாறே மிகுந்த உலகில், முடியை மறுத்த மூவரும் நினைக்கத்தக்கவரே.

இக்கோயில் நந்திவர்மனே எடுப்பித்ததாகலின், இஃது ஒருதலைச் சான்று என்பாரும், அவன் அரசைக் கவர்ந்தான் என்பாரும் உளர். அங்ஙனமே கொள்ளினும், வாளாற் கொண்டதாகப் பொறியாது, பெருமக்கள் தர ஏற்றதாகப் பொறிப்பதே தனக்குப் பெருமை என அவன் கருதியமை நோக்கற்பாலது. காசாக்குடிச் செப்பேடும் அவனைக் குடிகள் தேர்ந்தவன் என்றே கூறும்.

தேர்வோடு இடர் தீர்ந்துவிடவில்லை. தமிழ் வேந்தர் நந்திபுரத்தில் அவனை முற்றுகையிட்டனர். படைத்தலைவன் உதயசந்திரன் விரைந்து வந்து, பல்லவ மரபினனாகிய சித்திரமாயனைக் கொன்று மன்னனை மீட்டான் என்பது உதயேந்திரச் செப்பேட்டுச் செய்தி. இத்தனைக்கும் பின் அவனது 65-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் கிடைத்துள்ளது.

இடையே சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைக்கொண்டான். ஆயினும் நகரை அழித்தானல்லன். பூசலார் நாயனார் வரலாற்றொடு இயைத்துப் போற்றப்பெறும் கயிலாசநாதர் திருக்கற்றளியின் பெருஞ்செல்வத்தைக் கண்டு, அதனை இறைவனுக்கே மீளவும் அளித்தான். அதனைக் கூறும் கன்னடக் கல்வெட்டு அக்கோயில் மண்டபத் தூணில் உள்ளது. இவ்வறத்தை அழிப்போர், இந்நகரத்துக் கடிகைப் பெருமக்களைக் கொன்றார் புகும் உலகம் புகுவர் என்று அது முடிகின்றது. அன்று இரணியவர்மன் வாயிலில் அரசு வேண்டி நின்றாருள் அக்கடிகையாரும் இருந்தனர்.