சித்தப்பாவின் காளான் மாத்திரை

போன மாசம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். டிவி பக்கத்தில் ஒரு மாத்திரை டப்பா. ஆள் சேர்க்கிற வியாபாரத்தில் இருக்கும் நண்பர் ஒருத்தர் தலையில் கட்டியது. "சீனாவுல ரெண்டாயிரம் வருஷமா சாப்பிடுறாங்கடா, லிங்ஷி காளான்" என்றார். லேபிளில் 'கானோடெர்மா லூசிடம்' என்று இருந்தது. அந்தப் பெயரைத் துருவப் போய்த்தான் இந்த எபிசோட். மூட்டுவலிக்குக் கேட்குமா என்பதை டாக்டர்கிட்ட கேளுங்க.

இது மரத்தில் அலமாரித் தட்டு மாதிரி நீட்டிக்கிட்டு வளரும் காளான். மேல்பக்கம் வார்னிஷ் அடிச்ச மாதிரி பளபளக்கும். சீனாவின் பழைய மருந்து நூலான ஷென்னோங் பென்ஸாவ் ஜிங், லிங்ஷியை நிறத்தை வைத்து ஆறு வகையாகப் பிரித்தது.

ஆனால் 'லூசிடம்' என்ற பெயர் பிறந்தது இங்கிலாந்தில். 1781-ல் வில்லியம் கர்டிஸ் அங்கே கிடைத்த ஒரு காளானுக்கு வைத்தது. லத்தீனில் 'பளபளப்பானது' என்று பொருள். நூறு வருஷம் கழித்து, 1881-ல் பின்லாந்தின் கார்ஸ்டன் கானோடெர்மா என்ற பேரினத்தை உருவாக்கி, இதையே அதன் மாதிரி இனமாக வைத்தார். அதுக்கும் அர்த்தம் பளபளக்கும் தோல்தான்! அப்புறம் சீனக் காளானைப் பார்த்த அறிஞர்கள், அதுவும் பளபளக்குதேன்னு அதே பெயரை ஒட்டிவிட்டார்கள். ரெண்டு வேற வேற ஆப்ஜெக்டுக்கு ஒரே வேரியபிள் பெயர்.

அவர்களை ரொம்பக் குறை சொல்லவும் முடியாது. இந்தக் காளான்களின் நிறம் வயசுக்கு வயசு மாறும். காற்றோட்டம் இல்லாத அறையில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் தட்டே வராது, மான்கொம்பு மாதிரி கிளைவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும், ரெட்டைச் சுவர் கொண்ட பழுப்பு ஸ்போர் இந்தப் பேரினம் முழுக்கவே பொது.

கடைசியில் டிஎன்ஏ பேசியது. 2012-ல் ட்சாவ், வூ, டாய் என்ற மூவர் சீனக் காளானைத் தனி இனமாகப் பிரித்து 'கானோடெர்மா லிங்ஷி' என்று பெயர் வைத்தார்கள். கண்ணால் பார்க்கிற வித்தியாசமும் சொன்னார்கள். தட்டைக் கவிழ்த்து அடிப்பக்கத் துளைகளைப் பாருங்க: லிங்ஷி புதுசா இருக்கும்போது மஞ்சள், ஐரோப்பிய லூசிடம் வெள்ளை. எல்லாரும் மேல்பக்கப் பளபளப்பில் மயங்கிக் கிடந்தார்கள், துப்பு கீழே இருந்திருக்கு.

சண்டை அதோடு முடியவில்லை. 1983-லேயே வெளியான 'சிச்சுவானென்ஸ்' என்ற பெயர்தான் இதுக்குச் செல்லும் என்று இன்னொரு குழு கிளம்பியது. நடுவில் மாட்டிக்கொண்டது பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகள். தலைப்பில் லூசிடம் என்று இருக்கும், ஆனால் சோதித்தது எந்தக் காளான்? மாதிரியைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தால் உண்டு, இல்லைன்னா கண்டுபிடிக்க வழியில்லை.

இதையெல்லாம் சித்தப்பாகிட்ட சொன்னேன். மாத்திரை ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினார். பழுப்புப் பொடி. "இதுல அடிப்பக்கம் எதுடா?" என்றார்.